சாயாத வண்டி

2024 தை மாதம். கிருஷ்ணகிரியில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தி முடிந்து மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பாலைவனத்தில் நடக்கும் டக்கார் ராலி பந்தயம் அப்போதுதான் முடிந்திருந்தது. கேரளத்தின் ஹரித் நோவா பைக் ஓட்டி, ராலி 2 பிரிவில் முதலாவதாக, ஒட்டுமொத்தத்தில் பதினொன்றாவதாக வந்திருந்தார். அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு. டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி. அக்கா மகன் போனில் முடிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவன், குவாட் பிரிவில் நின்றான். பைக் மாதிரி ஹேண்டில்பார் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டிதான் குவாட். அர்ஜென்டினாவின் மனுவேல் அந்துஹார் ஜெயித்திருந்தார். "நாலு சக்கரத்துல போறதுக்கெல்லாம் ஒரு கப்பா மாமா? ஆட்டோ மாதிரி உக்காந்துக்கினு போறதுதானே. விழவே மாட்டாங்க" என்றான். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் பின்னால் என்னை உறுத்தியது. ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாதி வேலை ஷாக் அப்சார்பர் சர்வீஸ். பதினோரு வருஷமாக மண்ணில் பைக் ஓட்டுகிறேன். ராயக்கோட்டை பக்கம் பெரியப்பாவின் செந்தூரா தோப்பை ஒட்டி மூன்று ஏக்கர் தரிசு கிடந்தது. அதில் ஜேசிபி விட்டு மேடு போட்டு, வளைவு வெட்டி, மழை பெய்த மறுவாரம் தவறாமல் போய்விடுவோம். இத்தனைக்குப் பிறகும் குவாட் பற்றி எனக்கிருந்த எண்ணம் அந்த இருபது வயதுப் பையனின் எண்ணத்தைவிட ஒரு அங்குலம்கூடத் தாண்டவில்லை. நாலு சக்கரம், அதனால் பத்திரம், அதனால் சுலபம். ரிசார்ட்டுகளில் நூறடி வட்டத்தில் சுற்றிவரும் வாடகை ஏடிவியை, அதாவது அங்கே ஓடும் குவாட்டைப் பார்த்துப் பார்த்து வந்த எண்ணம் அது.

சித்திரையில் ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஒரு குவாட் பட்டறைக்கு வந்தது. கிரானைட் தொழில் செய்யும் நண்பர் எங்கிருந்தோ வாங்கிய 250 சிசி வண்டி. ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது என்பதால் குவாரிக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு மூலையில் போட்டிருந்தார். முன்பக்க ஷாக் இரண்டும் எண்ணெய் கக்கியிருந்தன. சரிசெய்து கொடுத்தால் ஒரு மாதம் வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். பரிசோதிக்கத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் அக்கா மகனின் பேச்சு என் காதில் இருந்தது.

கடையாணி இல்லாத அச்சு

பெரியப்பா நாற்பது வருஷம் டிராக்டர் மெக்கானிக். காரிமங்கலம் முதல் தளி வரைக்கும் அவர் கைபடாத டிராக்டர் குறைவு. குவாட்டைத் தோப்பில் இறக்கியதும் அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, செயினையும் பின் அச்சையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். எதிர்ப்பக்கச் சக்கரமும் கூடவே சுற்றியது. "டிஃபரன்ஷியலே இல்லியேடா இதுல" என்றார். "கட்டை வண்டில கடையாணி போட்டு சக்கரத்தைத் தனியா சுத்த விடுவோம். இது ரெண்டு சக்கரத்தையும் அச்சோட சேத்துப் பத்த வச்ச மாதிரி இருக்கு. இது எப்படித் திரும்பும்?"

நான் அதற்கு முன் யோசித்தே பார்க்காத கேள்வி. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓடவேண்டும். கட்டை வண்டியில் சக்கரங்கள் அச்சின்மேல் தனித்தனியாகச் சுழல்வதால் சிக்கல் இல்லை. காரிலும் டிராக்டரிலும் அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்கிறது. டிராக்டர் சேற்றில் மாட்டினால் மட்டும் லாக்கை மிதித்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக்குவார்கள். லாக் போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது என்பது உழவு ஓட்டும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். பந்தயத்துக்கான ஸ்போர்ட் குவாட் பிறந்ததிலிருந்து லாக் போட்டபடியே இருக்கும் வண்டி.

அப்படி ஏன் செய்கிறார்கள் என்றால், பந்தயத்தில் உள்சக்கரம் அடிக்கடி தரையை விட்டு எழும்பும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் இன்ஜினின் சக்தி முழுக்க அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்குப் போய் வீணாகும், தரையில் இருக்கும் சக்கரம் தள்ளாது. ஒரே அச்சாக இருந்தால் எது தரையில் இருக்கிறதோ அது தள்ளிக்கொண்டே இருக்கும். எடையும் குறைவு, உடைய வேண்டிய பல்சக்கரங்களும் குறைவு. அதற்கான விலையை வளைவில் கொடுக்க வேண்டும். மெதுவாகப் போனால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே தள்ளும். ஹேண்டில்பாரை எவ்வளவு ஒடித்தாலும் முன்சக்கரம் மண்ணைச் சீவிக்கொண்டு நேரே போகும். உள்பக்கம் உடலைச் சாய்த்து, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தி, பின்சக்கரங்களை மண்ணில் வழுக்கவிட்டால்தான் மூக்கு திரும்பும். குவாட்டை உண்மையில் திருப்புவது பின்பக்கம். கைகள் அதற்கு வழிகாட்டுகின்றன, அவ்வளவுதான்.

எடையையும் சொல்லவேண்டும். மண்மேடுகளைத் தாண்டி ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு இன்று அதிகம் பயன்படும் யமஹா ஒய்எஃப்இசட்450ஆர் பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்த்து சுமார் 184 கிலோ. அதே கம்பெனியின் 450 சிசி மோட்டோகிராஸ் பைக் 110 கிலோ சுற்றி. இரண்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஒற்றை சிலிண்டர். அதனால் மேடு விட்டு மேடு ஓடும் ஒரே தடத்தில் இரண்டையும் விட்டால் பைக்தான் முந்தும். பைக்கின் சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கும். அந்தக் குவாட்டில் முன்னால் 250, பின்னால் 280 மில்லிமீட்டர். மேட்டில் ஏறும்போது பைக்காரர் வண்டியைக் காற்றில் படுக்கவைத்துத் தாழ்வாகப் பறந்து நேரத்தை மிச்சம் பிடிப்பார். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் புகழ்பெறச் செய்த உத்தி அது. குவாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாலு சக்கரமும் கிட்டத்தட்ட மட்டமாகப் போய் மட்டமாக இறங்கவேண்டும். ஏறும் சரிவில் ஒரு பின்சக்கரம் மட்டும் ஒரு கட்டியில் அடிபட்டால் வண்டி காற்றில் ஒரு பக்கமாகப் புரள ஆரம்பிக்கும். மூக்கு தூக்கினால் பின் பிரேக்கைத் தொட்டு இறக்கலாம், மூக்கு தொங்கினால் ஆக்சிலேட்டரை அழுத்தித் தூக்கலாம். பக்கவாட்டில் புரண்டால் உடம்பைத் தவிர வேறு கருவி கிடையாது.

அகலம் இன்னொரு கதை. அமெரிக்கப் போட்டிகளில் குவாட் 50 அங்குலம் வரை அகலம் இருக்கலாம். நீளமான அச்சும், முன்சக்கரங்களைத் தாங்கும் அகன்ற இரும்புக் கைகளும் மாட்டி அந்த எல்லை வரை கொண்டுபோவார்கள். அகலம் கூடினால் கவிழ்வது குறையும், ஆனால் முந்துவது கடினமாகும். ஒரு பைக் நுழையும் இடைவெளியில் குவாட் நுழையாது. அதனால் முதல் வளைவுக்கு யார் முந்திப் போகிறார்கள் என்பதில்தான் பாதிப் பந்தயம். டயரில் காற்று ஐந்தாறு பிஎஸ்ஐதான் வைப்பார்கள். கையால் அழுத்தினாலே அமுங்கும். பைக் டயர் மண்ணை வெட்டிக்கொண்டு போகும், இது மண்ணை அணைத்துக்கொண்டு போகும்.

இடது கால்

இனிதான் நான் சொல்ல வந்தது. இரண்டாவது ஞாயிறு. முந்தின நாள் கோடை மழை இறங்கியிருந்தது. செம்மண் மேலே காய்ந்து அடியில் ஈரமாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் இருந்தது. பைக் ஓட்டுபவனுக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது. முதல் ஞாயிறு முழுக்க இரண்டாம் கியரில் சுற்றியதால் கை பழகிவிட்டது என்று நினைத்தேன். மாமரத்தை ஒட்டி இடதுபக்கம் திரும்பும் வளைவு ஒன்று இருக்கிறது. நடுவில் பைக் டயர்கள் அறுத்த ஆழமான தடம். பைக்கில் நூறு முறைக்கு மேல் போன வளைவு. மூன்றாம் கியரில் வந்து, இரண்டுக்கு இறக்கி, உள்ளே விட்டேன்.

பைக்கில் அந்த வளைவை எப்படி எடுப்போம் என்று ஓட்டுபவர்களுக்குத் தெரியும். வண்டியை உள்ளே படுக்க வைப்போம், நாம் நிமிர்ந்து வெளிப்பக்கம் உட்காருவோம், எடையை வெளி ஃபுட்ரெஸ்ட்டில் போடுவோம், உள்காலை முன்னால் நீட்டுவோம். பதினோரு வருஷத்தில் இது யோசிக்காமலே உடம்பு செய்யும் காரியம் ஆகிவிட்டது. குவாட்டிலும் உடம்பு அதையே செய்தது. தோள் வெளிப்பக்கம் போயிற்று. இடது கால் நீண்டது.

குவாட்டில் இந்த இரண்டுமே தலைகீழ். வண்டி சாயாது, அதனால் நான் சாய்ந்தாக வேண்டும். பைக்கில் நான் வெளியே உட்கார்ந்தால் படுத்திருக்கும் வண்டிக்கு அது சமன். குவாட்டில் வெளியே உட்கார்ந்தால், கவிழத் துடிக்கும் பக்கத்துக்கே என் எடையையும் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 184 கிலோ வண்டியில் 70 கிலோ ஆள் உள்பக்கமாக ஒரு அடி நகர்ந்தால், இருவரும் சேர்ந்த எடையின் மையம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே நகரும். வெளிப்பக்கம் நகர்ந்தால் அதே எட்டு சென்டிமீட்டர் எதிரியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே பதினாறு சென்டிமீட்டர் வித்தியாசம். நான் ஓட்டிய வண்டி அதைவிட இலேசு, அகலமும் குறைவு. வித்தியாசம் இன்னும் பெரிது.

கால் விஷயம் அதைவிட மோசம். பைக்கில் காலை நீட்டினால் பின்னால் எதுவும் வராது. குவாட்டில் உள்காலுக்கு நேர் பின்னால் பின்சக்கரம் வந்துகொண்டிருக்கிறது. என் குதிகால் ஈர மண்ணில் பட்டதும் நின்றது. வண்டி நிற்கவில்லை. டயர் குதிகாலில் ஏறி, கெண்டைக்காலைப் பிடித்து, என்னைப் பின்னோக்கி இழுத்தது. உடம்பு பின்னால் போனதும் நான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிடியில் கட்டைவிரல் ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே இருந்தது. பைக்கில் முறுக்குவதை விட்டால் போதும். இங்கே பிடியைத் தளர்த்தினால் விழுவோம், தளர்த்தாவிட்டால் வண்டி ஏறும். என் காலின்மேல் ஏறிய இடப்பக்கம் உயர்ந்தது, வலப்பக்கமாக வண்டி புரண்டது. ஒரு முழுச் சுற்று உருண்டு மாமரத்துக்கு மூன்றடி தள்ளி நின்று, இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா ஓடிவந்து சாவியை அணைத்தார். பிறகு என் பூட்ஸைக் கழற்றினார். தடிமனான மோட்டோகிராஸ் பூட்ஸ் என்பதால் எலும்பு தப்பியது. கணுக்காலில் தசைநார் கிழிந்து ஆறு வாரம் நடமாட்டம் இல்லை.

பெரியப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. மாலையில் டீ கொண்டுவந்து கொடுத்தபோது மட்டும் கேட்டார். "ஏம்ப்பா, ஏர் ஓட்டுறவன் மாட்டைப் பாத்து ஓட்டுவானா, இல்ல முந்தி வச்சிருந்த மாட்டை நெனச்சுக்கினு ஓட்டுவானா?"

படுத்திருந்தபோது பார்த்தவை

அந்த ஆறு வாரத்தில் குவாட் பந்தயங்களை வரிசையாகப் பார்த்தேன், குவாட் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். முதலில் கண்ணில் பட்டது பக்கவாட்டுக் கம்பி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு வளைந்த குழாய், அதற்குள் பின்னிய நாடா வலை. நெர்ஃப் பார் என்பார்கள். பக்கத்து வண்டியின் சக்கரம் உள்ளே நுழையாமல் காக்கும், ஓட்டுபவரின் கால் சக்கரத்துக்குப் போகாமலும் காக்கும். அமெரிக்கப் போட்டிகளில் அது இல்லாமல் தடத்தில் இறங்க முடியாது. மணிக்கட்டில் ஒரு கயிறும் கட்டாயம். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கி இன்ஜின் அணையும். என் நண்பரின் வண்டியில் இரண்டுமே இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ அழகுக்கு இடைஞ்சல் என்று கழற்றியிருக்கலாம். கவனிக்காமல் ஏறியது நான்தான்.

இந்தச் சக்கரத்துக்கும் காலுக்குமான சண்டை பழையது. ஹோண்டா 1970ல் விற்க ஆரம்பித்த மூன்று சக்கர வண்டிகளிலும் பின்னால் இதே ஒற்றை அச்சு, அதே காலை இழுக்கும் டயர், போதாததற்கு முன்னால் ஒற்றைச் சக்கரம். விபத்துகள் குவிந்து, 1988ல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் ஒரு ஒப்பந்தம் செய்து மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. அதற்குள் சுஸுகியின் எல்டி250ஆர் 1985லும், ஹோண்டாவின் டிஆர்எக்ஸ்250ஆர் 1986லும், யமஹாவின் பான்ஷீ 1987லும் வந்து, நாலு சக்கரத்தில் உண்மையான பந்தயம் தொடங்கிவிட்டது. ஆனால் கம்பெனிகளுக்குப் பயம் போகவில்லை. ஹோண்டா 1989லும் சுஸுகி 1992லும் அந்த வண்டிகளை நிறுத்தின. அதன் பிறகு பல வருஷம் பந்தயக்காரர்கள் பழைய 250ஆர் இன்ஜினை எடுத்து, சின்னப் பட்டறைகளில் செய்த சட்டகங்களில் மாட்டி ஓட்டினார்கள். லேத் வைத்திருப்பவன் என்பதால் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. கைவிடப்பட்ட ஒரு வண்டியைப் பட்டறைக்காரர்கள் தூக்கிப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். 2004ல் யமஹாவும் ஹோண்டாவும் 450 சிசி குவாட்டில் இறங்கின, 2006ல் சுஸுகி, 2008ல் கவாசாகியும் கனடாவின் கேன்-ஆமும். இன்று அந்த ஜப்பானியக் கம்பெனிகளில் யமஹா மட்டும் 450 ஸ்போர்ட் குவாட் செய்துகொண்டிருக்கிறது. டக்காரில் குவாட் தனிப் பிரிவாக இருந்தது 2009 முதல் 2024 வரை. அர்ஜென்டினாவின் பத்ரொனெல்லி சகோதரர்கள் இருவரும் சேர்ந்து ஐந்து முறை ஜெயித்த பிரிவு அது. 2025ல் இல்லை. மண்டபத்து வாசலில் நாங்கள் சிரித்தது அந்தப் பிரிவின் கடைசி வெற்றியைப் பார்த்து என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாட் வீனன் வளைவு எடுப்பதை மட்டும் மெதுவாக ஓடவிட்டு எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அமெரிக்க ஏடிவி மோட்டோகிராஸில் பலமுறை சாம்பியன். வளைவுக்கு முன்பே இடுப்பு சீட்டை விட்டு உள்பக்கம் இறங்கிவிடுகிறது. வெளி முழங்கால் டேங்கை அணைக்கிறது. தலை உள்பக்க முன்சக்கரத்துக்கு மேலே. இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்ட்டில் ஒட்டியபடி. அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் என்றால் நடுவில் இருக்கும் ஒரு நொடியில் ஆள் முழுக்க வண்டியைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறார். ஒரு சுற்றில் இது எத்தனை முறை நடக்கிறது, இருபது நிமிஷம் நடந்தால் தொடையும் முதுகும் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் எருது விடும் விழாவில் திருப்பத்தில் காளை உடம்பை வளைத்துத் திரும்பும். அந்த வளைவு காளையின் உடம்பில் இருக்கிறது. பைக்கிலும் வண்டியே கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது. குவாட்டிடம் அது இல்லை. முழு வளைவையும் மேலே இருக்கும் மனுஷன் தன் உடம்பால் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இதனால்தான் ரிசார்ட்டில் செருப்புக் காலோடு எட்டு வயதுப் பிள்ளையை ஏற்றிவிட்டு, "நாலு சக்கரம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதைப் பார்த்தால் இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பிள்ளையின் எடை வண்டியை அசைக்கக்கூடப் போதாது. கால் சறுக்கினால் அதற்குப் பின்னாலும் அதே டயர்தான். போன மாதம் ஒரு இடத்தில் நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. மறுபடி போனால் மறுபடி சொல்வேன்.

கால் சரியானதும் பட்டறையில் ஒரு அங்குலக் குழாயை வளைத்து இரண்டு பக்கமும் நெர்ஃப் பார் செய்தேன். மூன்று நாள் ஆனது, முதலில் செய்தது பிரேக் மிதியில் இடித்தது. வலைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வீட்டிலிருந்து நாடாக் கட்டிலுக்கு வாங்கி வைத்திருந்த நைலான் நாடாச் சுருளைக் கொண்டுவந்தார். குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, கட்டில் பின்னுவது போலவே பின்னிக்கொடுத்தார். கயிறு வைத்த சுவிட்சும் மாட்டினேன். நண்பரிடம் இன்னும் சில மாதம் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா மகன் ஆடி மாதம் தோப்புக்கு வந்தான். அவனை மேட்டுப் பக்கமே விடவில்லை. இரண்டு பழைய டயரை இருபதடி தள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போடச் சொன்னேன். முதல் அரை மணி நேரம் வண்டி அவனை நேராகத் தள்ளிக்கொண்டு வேலிக்குப் போனது. "ஹேண்டில் கெட்டுப்போயிருக்கு மாமா" என்றான். "இடுப்பை எடு" என்றேன். எடுத்தான், ஆனால் கால் போயிற்று. வலையில் பட்டு நின்றது. மறுபடி போயிற்று, மறுபடி நின்றது. வெயில் ஏறிய பிறகு ஒரு சுற்றில் பின்பக்கம் லேசாக வழுக்கி மூக்கு திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் அவன் கத்தியது வரப்பு வரைக்கும் கேட்டது. இறங்கி வந்தவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டையைப் பிழிந்தால் சொட்டும் போல இருந்தான். ஆட்டோ என்ற பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

புரட்டாசிக்குள் அவன் ஏழு ஞாயிறு வந்துவிட்டான். கடைசியாகப் போனபோது பெரியப்பா கத்தரிக்கோலோடு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடப்பக்க வலையில் நாலைந்து நாடா, டயர் உரசி உரசிக் கறுத்து நார் நாராகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுவிட்டுப் புது நாடாவை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.